மவுண்ட் போர்டில் ரிவர்ஸ் பெவல் வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் வைக்கிற மவுண்டை, அதாவது நடுவில் திறப்பு வெட்டிய அட்டையை, சொந்தமாக வெட்டத் தொடங்கியவர்களுக்காக எழுதியது. படம் தெரிகிற அந்தத் திறப்புதான் ஜன்னல், அதன் சாய்ந்த வெட்டுதான் பெவல். சாதாரண 45 டிகிரி பெவலில் ஒரு ஜன்னலாவது வெட்டிப் பார்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இதுவரை வெட்டியதே இல்லை என்றால் முதலில் அதைப் பழகிவிட்டு வாருங்கள். இங்கே வருவதெல்லாம் அதைத் திருப்பிப் போடுகிற வேலைதான்.

ரிவர்ஸ் பெவல் என்றால் என்ன?

சாதாரண மவுண்டில் ஜன்னல் ஓரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அட்டையின் நடுக்கூழ் அது. பிளேடு சாய்ந்து வெட்டுவதால் அந்தச் சரிவு நம்மைப் பார்த்து நிற்கிறது. ரிவர்ஸ் பெவலில் அதே 45 டிகிரிச் சரிவு படத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் அட்டையின் வண்ணத்தாள் மட்டும் கத்தி முனைபோல முடியும். வெள்ளைக் கோடு கிடையாது.

ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சாதாரண பெவலில் அட்டையின் முதுகுப் பக்கத்து ஜன்னல் சிறியது, முகப் பக்கத்து ஜன்னல் பெரியது. ரிவர்ஸில் முகப் பக்கத்து ஜன்னல்தான் சிறியது. அளவு தப்புவது, மூலையில் கீறல் விழுவது, ஓரம் பிசிறுவது என்று இதில் வருகிற தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்தில்தான் தொடங்குகின்றன.

எதற்காக அப்படி வெட்ட வேண்டும்? வெள்ளைக் கோடு அழகாகத்தானே இருக்கிறது?

பல படங்களுக்கு அழகுதான். வெளிர்நிற நீர்வண்ணத்துக்கு அந்தக் கோடு ஓர் எல்லையைத் தருகிறது. இருட்டான படத்தைக் கறுப்பு மவுண்டில் வைத்தால் கதை வேறு. நான்கு பக்கமும் வெள்ளைக் கீற்று எழுந்து நின்று, கண் முதலில் அங்கேதான் போகும். இரவில் எடுத்த புகைப்படங்களுக்கும் கறுப்பு வெள்ளை அச்சுகளுக்கும் இதனாலேயே ரிவர்ஸ் வெட்டுகிறார்கள்.

இரட்டை மவுண்டிலும் பயன் உண்டு. மேல் அட்டைக்கு ஒரு வெள்ளைக் கோடு, உள் அட்டைக்கு ஒரு வெள்ளைக் கோடு என்று இரண்டு சேர்ந்தால் சில படங்களுக்கு அது தாங்காது. உள் அட்டையை மட்டும் ரிவர்ஸில் வெட்டினால் அதன் நிறம் ஒரு பட்டையாக மட்டும் தெரியும்.

மூன்றாவது காரணம் பேஸ்டல், அதாவது சாக்குபோலப் பொடி உதிரும் வண்ணக்குச்சி. அதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

நேராக, 90 டிகிரியில் வெட்டிவிட்டால் போதாதா?

எதிரில் நின்று பார்க்கும்வரை போதும். பக்கவாட்டில் இருந்தோ கீழிருந்தோ பார்த்தால் வெட்டிய முகம் தெரியும், வெள்ளையும் தெரியும். ரிவர்ஸில் சரிவு உள்ளே ஒதுங்கிவிடுவதால் சாய்ந்து பார்த்தாலும் தெரிவதில்லை. ஒரே ஒரு மவுண்ட், மாட்டப்போவதும் கண் மட்டத்தில் என்றால் நேர் வெட்டில் குற்றம் சொல்ல மாட்டேன்.

கறுப்புக் கூழ் அட்டை வாங்கிவிட்டால்?

கறுப்பு மவுண்டுதான் உங்களுக்கு வேண்டும் என்றால் அதுவே சுலபம். முகமும் கூழும் கறுப்பாக இருக்கிற அட்டை கிடைக்கிறது. அதில் சாதாரண பெவல் வெட்டினாலே கோடு மறைந்துவிடும். கரும்பச்சை, நீலம், மெரூன் என்று போனால் முகத்துக்குப் பொருந்தும் கூழ் கிடைப்பது அரிது. அப்போது ரிவர்ஸ்தான் வழி. மார்க்கர் பேனாவால் வெள்ளைச் சரிவுக்கு நிறம் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். கூழ் மையை ஒரே சீராக உறிஞ்சாது, திட்டுத்திட்டாக நிற்கும். எனக்கு அதில் சம்மதமில்லை.

இதற்குத் தனி கட்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். லோகன், கீன்கட், ஃபிளெட்சர் என எந்த நிறுவனத்தின் கட்டராக இருந்தாலும், நேர்க்கோட்டில் 45 டிகிரி வெட்டுவதாக இருந்தால் ரிவர்ஸும் வெட்டும். பிளேடு எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. அதன் எந்தப் பக்கம் மவுண்டின் ஓரம் (படத்தைச் சுற்றி நிற்கப்போகிற பகுதி) இருக்கிறது, எந்தப் பக்கம் விழப்போகிற நடுத்துண்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தே பெவல் சாதாரணமா ரிவர்ஸா என்பது முடிவாகிறது.

கட்டர் ஓடுகிற கைடு பார் உள்ள பலகைகளில், அட்டையைக் குப்புறப் போட்டு மவுண்டின் ஓரத்தைப் பாருக்கு அடியில் வைத்து வெட்டுவதுதான் வழக்கம். ரிவர்ஸுக்கு அட்டை அப்படியே குப்புறக் கிடக்கட்டும். ஆனால் 180 டிகிரி திருப்பி, நடுத்துண்டு பாருக்கு அடியில் போகும்படியும் ஓரம் வெளியே நிற்கும்படியும் வையுங்கள். பிளேடின் நுனி இப்போது ஜன்னலின் உட்பக்கம் நோக்கி இறங்கும். கையில் பிடித்து ஸ்கேலை ஒட்டி ஓட்டும் கட்டருக்கும் இதே கணக்கு. ஸ்கேலைக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

இதில் ஒரு வசதி போய்விடுகிறது. ஓரத்தின் அகலத்தைப் பிடித்துக் கொடுக்கும் தடுப்புச் சட்டம் இப்போது உதவாது, ஏனென்றால் ஓரம் அந்தப் பக்கம் இல்லை. பென்சில் கோட்டைக் கண்ணால் பார்த்துப் பாரோடு பொருத்த வேண்டும். கோட்டை மெல்லிய 2எச் பென்சிலால் போடுங்கள். தடித்த கோடு அரை மில்லிமீட்டரை விழுங்கிவிடும்.

உங்கள் கட்டர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவில்லையா? கழிவு அட்டையைக் குப்புறப் போட்டு, அதே 45 டிகிரியில் ஒரு கோடு வெட்டி, இரண்டு துண்டையும் திருப்பிப் பாருங்கள். ஒரு துண்டின் முகத்தில் வெள்ளை தெரியும், மற்றதில் தெரியாது. தெரியாத துண்டு கிடந்த பக்கத்தில்தான் உங்கள் மவுண்டின் ஓரம் இருக்க வேண்டும்.

அட்டையை முகம் மேலே பார்க்க வைத்து, வழக்கம்போல வெட்டினால் ரிவர்ஸ் வந்துவிடும் என்கிறார்களே?

வரும். அட்டையைத் திருப்பினாலும் பக்கத்தை மாற்றினாலும் பெவலுக்கு விளைவு ஒன்றுதான். இந்த முறையில் தடுப்புச் சட்டத்தையும் வழக்கம்போலப் பயன்படுத்தலாம். போட்ட கோடே தெரியப்போகும் ஜன்னலின் அளவு என்பதால் கூட்டல் கழித்தலும் இல்லை.

விலை என்னவென்றால், நீங்கள் செய்வதெல்லாம் முகத்தின்மேல் நடக்கிறது. பென்சில் கோடு, பார் அழுத்திய தடம், கை வியர்வை எல்லாம் அங்கேதான் விழும். கரும்நிற அட்டையில் பார் உரசிய இடம் பளபளவென்று காட்டிக்கொடுக்கும். மூலையில் ஒரு மயிரிழை தாண்டினாலும் மேல்தாளில் கீறல். வெளிர்நிற அட்டை, அவசர வேலை என்றால் பாருக்கு அடியில் சுத்தமான தாள் ஒன்றை வைத்து இப்படிச் செய்யலாம். மற்றபடி நான் குப்புறப் போட்டு வெட்டும் கட்சி.

அளவை எப்படிக் கணக்கிடுவது? நான் வெட்டும் ஜன்னல் எப்போதும் சிறியதாகிவிடுகிறது.

ஆகத்தான் செய்யும். முதுகில் வரைந்த கோட்டில் பிளேடு இறங்குகிறது. 45 டிகிரியில் சாய்ந்து, அட்டையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு உள்ளே தள்ளி முகத்தில் வெளிவருகிறது. வழக்கமான மவுண்ட் போர்டு ஏறக்குறைய 1.4 மி.மீ. தடிமன். ஒரு பக்கத்துக்கு 1.4 என்றால் எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்து 2.8 மி.மீ. குறையும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாளில் உள்ள படம், 210 × 297 மி.மீ. நான்கு பக்கமும் 5 மி.மீ. மவுண்டுக்கு அடியில் போக வேண்டும். தெரிய வேண்டிய ஜன்னல் 200 × 287. அப்படியானால் முதுகில் வரைய வேண்டியது 202.8 × 289.8. மவுண்டின் வெளி அளவு 300 × 400 என்று வைத்துக்கொண்டால், இடம் வலம் 50 மி.மீ. ஓரம் தெரிய வேண்டும். முதுகில் விளிம்பிலிருந்து 48.6-ல் கோடு போடுங்கள். மேலே 53, கீழே 60 என்று அடி ஓரத்தைச் சற்றுக் கூட்டி வைப்பவர் என்றால் (எனக்கு அதுதான் பிடிக்கும், படம் கீழே சரிவதுபோலத் தோன்றாது) கோடுகள் 51.6-லும் 58.6-லும் வரும்.

தசம மில்லிமீட்டரைப் பென்சிலால் பிடிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. 48.5 என்று போட்டாலும் உலகம் அழியாது. கணக்கைச் செய்யாமலே விட்டால்தான் படத்தின் கையெழுத்து மவுண்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இரட்டைத் தடிமன் அட்டை என்றால் காலிப்பரால் அளந்துவிட்டு அந்த எண்ணைப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கே 3 மி.மீ. அளவில் வரும்.

மூலைகளில் முகத்தில் கீறல் விழுகிறது. சாதாரண பெவலில் இந்தத் தொல்லை எனக்கு இல்லை.

அதிகம் வருகிற கேள்வி இதுதான். இதற்கு மட்டும் சற்றுப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

சாதாரண பெவலில் முதுகு ஜன்னல் சிறியது, முக ஜன்னல் பெரியது. முகத்தின் மூலை முழுதாக விடுபட வேண்டுமானால், முதுகில் கோடுகள் சந்திக்கும் இடத்தையும் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் போல ஓட்ட வேண்டும். முதுகில் ஓவர்கட் விழும். அதை யார் பார்க்கப்போகிறார்கள்? அதனால் கொஞ்சம் தாண்டி ஓட்டுவது என்பது கைப்பழக்கமாகவே ஆகிவிடுகிறது.

ரிவர்ஸில் சிறிய ஜன்னல் முகத்தில் இருக்கிறது. முகத்தின் மூலை, முதுகில் கோடுகள் சந்திக்கும் இடத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் முன்பே வந்துவிடும். பழைய பழக்கத்தில் சந்திப்பைத் தாண்டி அதே ஒன்றரை ஓட்டினால், முகத்தில் மூலைக்கு அப்பால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கீறல். சந்திப்பில் சரியாக நிறுத்தினாலும் ஒன்றரை மில்லிமீட்டர் கீறல் மிச்சம். கட்டர் சரியில்லை என்று பலர் இதைத்தான் சொல்கிறார்கள். கட்டர் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது.

ஆகவே முன்பே நிறுத்துங்கள். தொடங்கும்போதும் அப்படியே, சந்திப்பிலிருந்து உள்ளே தள்ளி இறக்குங்கள். நான்கு வெட்டும் முடிந்தபின் நடுத்துண்டு விழாது, நான்கு மூலையிலும் இம்மி இம்மியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம். இப்போது முதுகுப் பக்கத்திலிருந்து, வெட்டிய பள்ளத்துக்குள் மெல்லிய ஷேவிங் பிளேடை அதே சாய்வில் நுழைத்து, மூலைவரை மெதுவாக அறுத்துவிடுங்கள். இரட்டை முனை பிளேடை உறையோடு நீளவாக்கில் பாதியாக ஒடித்துக்கொண்டால் நன்றாக நுழையும், விரலுக்கும் பாதுகாப்பு.

நடுத்துண்டைத் தட்டாதீர்கள், இழுக்காதீர்கள். ஒரு நூல் பிடித்திருந்தாலும் அது மேல்தாளை மூலையோடு உரித்துக்கொண்டு வரும். சாதாரண பெவலில் நடுத்துண்டைத் தட்டி விழவைக்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் அட்டையைப் பலி கொடுக்கிறார்கள்.

எங்கே நிறுத்துவது என்பது பிளேடின் வடிவத்தையும் நீங்கள் இழுத்து வெட்டுகிறீர்களா தள்ளி வெட்டுகிறீர்களா என்பதையும் பொறுத்துச் சற்று மாறும். அதே அட்டையின் கழிவில் ஒரு மூலை வெட்டிப் பார்த்து, கட்டரின் அடித்தட்டில் அந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓரம் பிசிறாக வருகிறது. பிளேடு புதுசுதான்.

அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள்? குப்புறப் போட்டு வெட்டும்போது முகத்தாள்தான் கடைசியாக வெட்டுப்படும் பக்கம். அதற்குப் பிடிமானம் வேண்டும். பழைய வெட்டுத்தடங்கள் நிறைந்த அடி அட்டையின்மேல் வைத்தால், அந்தப் பள்ளத்துக்குமேல் விழும் இடமெல்லாம் பிசிறும். அடியில் வைக்கிற அட்டையை ஒவ்வொரு வெட்டுக்கும் விரலளவு நகர்த்துங்கள்.

பிளேடின் ஆழத்தையும் பாருங்கள். நுனி அட்டையைக் கடந்து அடி அட்டையை லேசாகக் கீறினால் போதும். ஆழமாக இறங்கினால் பிளேடு வளைந்து, கோடு தொடக்கத்தில் கொக்கிபோலத் திரும்பும். சாதாரண பெவலிலும் அப்படித்தான் வளையும். ரிவர்ஸில் அந்த வளைவு, தெரிகிற ஒரே விளிம்பில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எல்லாம் சரியாக இருந்தும் பிசிறுகிறது, மாதம் ஐப்பசி கார்த்திகை என்றால், அட்டை ஈரம் குடித்திருக்கலாம். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் திறந்து வைத்த மவுண்ட் போர்டு மெத்தென்று ஆகிவிடும், சுத்தமாக அறுபடாது. பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் படுக்கவைத்து வையுங்கள்.

வெட்டிய பிறகு ஓரத்தை எப்படிக் கையாள்வது?

பச்சைக் குழந்தைபோல. சாதாரண பெவலில் முகத்தின் விளிம்பு 135 டிகிரி, தடித்த தோள். ரிவர்ஸில் 45 டிகிரி, அதுவும் அடியில் எதுவுமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி. ஜன்னலுக்குள் விரலை விட்டுத் தூக்கினால் மடங்கும். மடங்கிய நுனியை நிமிர்த்தலாம், தடம் போகாது. வெளி ஓரங்களைப் பிடித்தே தூக்குங்கள். சிறு பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் முதுகுப் பக்கத்துச் சரிவில் மட்டும், முகத்திலிருந்து விலகும் திசையில், இரண்டு இழுப்பு. முகத்தை நோக்கித் தேய்த்தால் தாள் உரியும்.

பேஸ்டல், கரி ஓவியங்களுக்கு ரிவர்ஸ் பெவல்தான் நல்லது என்கிறார்களே, ஏன்?

உண்மைதான், அதற்கு அழகு காரணமல்ல. பேஸ்டல் பொடி எப்போதும் கொஞ்சம் உதிர்ந்துகொண்டே இருக்கும். சாதாரண பெவலில் அடி ஓரத்து வெள்ளைச் சரிவு ஒரு திண்ணை மாதிரி நிற்கும், பொடி அதில் வந்து படியும். சில மாதங்களில் வெள்ளைக் கோடு பல நிறக் கோடாகிவிடும். ரிவர்ஸில் அந்தத் திண்ணையே இல்லை.

அதோடு மவுண்டுக்கும் படத்துக்கும் நடுவில் 3 முதல் 5 மி.மீ. ஃபோம் போர்டுப் பட்டை வைத்து ஓர் இடைவெளி விடுங்கள். பட்டை ஜன்னல் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மவுண்டுக்கு அடியில் மறைவாக இருக்கட்டும். உதிரும் பொடி மவுண்டின் பின்னால் அந்தச் சந்தில் விழும், கண்ணில் படாது. இந்தப் பட்டை இல்லாமல் ரிவர்ஸ் பெவலை மட்டும் வெட்டி வைத்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். முன்னால் கண்ணாடியே போடுங்கள். அக்ரிலிக் தாளில் நிலைமின்சாரம் ஏறிப் பொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

வட்டம், நீள்வட்டம் வெட்டலாமா?

வட்டக் கட்டர்கள் பெரும்பாலும் அட்டையின் முகத்தை மேலே வைத்து, இரண்டு மூன்று சுற்றில் ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போய்ச் சாதாரண பெவல் வெட்டுபவை. உங்களுடையதும் அப்படி என்றால் அட்டையைக் குப்புறப் போடுங்கள், ரிவர்ஸ் வந்துவிடும். தெரிகிற விட்டம் 2.8 மி.மீ. குறையும் என்பதை மறக்க வேண்டாம். மூலையே இல்லாததால் இதுதான் ரிவர்ஸில் ஆகச் சுலபமான வேலை.

ரிவர்ஸ் பெவல் படத்தைப் பாதுகாக்குமா?

வெட்டும் கோணத்துக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை. பழைய மவுண்ட்களில் வெள்ளைச் சரிவு பழுப்பாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அட்டைக் கூழில் உள்ள அமிலத்தின் வேலை அது. ஜன்னலை ஒட்டிப் படத்திலும் ஒரு பழுப்புக் கோடு விழும். ரிவர்ஸில் வெட்டினால் அந்தப் பழுப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. அமிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், கூழ் இப்போது படத்தைப் பார்த்து நிற்கிறது. அட்டை கெட்டுவிட்டது என்று எச்சரிக்கும் அடையாளத்தையும் நாமே மறைத்துவிடுகிறோம். மலிவு அட்டையில் ரிவர்ஸ் வெட்டி நல்ல ஓவியத்துக்கு மாட்டுவதை ஏற்க முடியாது என்பதற்கு இதுவே காரணம். மதிப்புள்ள படம் என்றால் பருத்திக்கூழ் அட்டையோ, அமிலம் நீக்கிய பாதுகாப்புத் தர அட்டையோ வாங்குங்கள்.

விழுகிற நடுத்துண்டை என்ன செய்யலாம்?

ரிவர்ஸ் ஜன்னலிலிருந்து விழும் துண்டுக்கு நான்கு பக்கமும் சாதாரண பெவல் இருக்கும். பெயர்ப்பட்டை, சிறு சான்றிதழுக்கு அடியட்டை என்று வைத்துக்கொள்ளலாம். மூலையைக் கையால் அறுத்து எடுத்ததால் அங்கே மட்டும் சற்று முன்பின் இருக்கலாம்.

எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம். சாதாரண ஜன்னலிலிருந்து நீங்கள் இத்தனை நாள் குப்பையில் போட்ட ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பக்கமும் ரிவர்ஸ் பெவல்தான். கைத்தாளில் வரைந்த, பிசிறான ஓரம் தெரிய வேண்டிய படத்தை மிதப்பதுபோல ஒட்ட இதைவிட நல்ல மேடை கிடையாது. படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் சிறியதாக அமையும் துண்டாகத் தேர்ந்தெடுத்து, அடியில் அதைவிடச் சிறிய ஃபோம் போர்டு ஒட்டித் தூக்கி வையுங்கள். சரிவு பின்னோக்கி ஒதுங்குவதால் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாலும் மேடை தெரியாது. கண்ணாடி படத்தைத் தொடாதபடி ஃப்ரேமுக்குள் ஓரப்பட்டை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் வெட்டப்போவதில்லை. கடையில் கொடுத்துச் செய்ய எப்படிக் கேட்பது?

சென்னையில் பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகளும் ஃப்ரேம் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. எந்த ஊர்க் கடையாக இருந்தாலும் "ரிவர்ஸ் பெவல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "மவுண்டுல அந்த வெள்ளைக் கோடு தெரியக் கூடாதுண்ணே, சரிவு உள்பக்கம் வரணும்" என்று சொல்லுங்கள், உடனே புரியும். தெரிய வேண்டிய ஜன்னலின் அளவை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்து, அது முகப் பக்கத்து அளவு என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். வாங்கும்போது ஃப்ரேமுக்குள் போடுவதற்கு முன்பே நான்கு மூலையையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி போட்டு, பின்னால் டேப் ஒட்டியபின் கீறலைக் காட்டினால் யாரும் பிரித்துத் தர மாட்டார்கள்.